காதலிக்கத் தெரியாதவர்களைச் செய்த தொழிற்சாலை

‘ரோபோ’ என்றதும் உலோக உடலும் ஒளிரும் கண்களும் கொண்ட ஓர் உருவம் நம் மனத்தில் எழுகிறது. அச்சொல் பிறந்த நாடகத்தில் அப்படி ஓர் உருவம் இல்லை. செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தின் ரோபோக்கள் தசையும் நரம்பும் உடையவை. தோற்றத்தில் மனிதரிலிருந்து பிரித்தறிய முடியாதவை.

சொல்லைத் தந்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். தாம் முதலில் ‘லபோரி’ என்று பெயரிட எண்ணியதாகவும், அது ஏட்டுச்சொல்லாகப் பட்டதால் அண்ணனிடம் கேட்டதாகவும் காரெல் 1933இல் எழுதினார். ‘ரொபோட்டா’ என்பது குடியானவர் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய உழைப்பு. நம் கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று குறிப்பதைப் போன்றது. ஹாப்ஸ்பர்க் ஆட்சிப் பகுதிகளில் அது 1848இல்தான் ஒழிந்தது. 1921 ஜனவரியில் ப்ராகின் தேசிய நாடக அரங்கில் அமர்ந்திருந்த பலருக்கு அது பாட்டன் காலத்துத் துயரம்.

நாடகத்தில் ரோபோக்களை முதலில் உருவாக்கும் குடும்பத்தின் பெயர் ரோஸும். ‘அறிவு’ என்னும் பொருளுடைய செக் சொல்லிலிருந்து சாப்பெக் அமைத்த பெயர் அது. மூத்த ரோஸும் மனிதனை அப்படியே படைக்க முயல்கிறார். பொறியாளரான இளைய ரோஸுமோ கணக்குப் பார்க்கிறார்: மகிழ்ச்சி, இசை, காதல் ஆகியவை வேலைக்குத் தேவையில்லை, நீக்கிவிட்டால் உற்பத்திச் செலவு குறையும். ஆக, ரோபோவின் உணர்வின்மை இயற்கையாய் அமைந்த குறையன்று. இலாபத்துக்காகத் திட்டமிட்டுச் செய்த சிக்கனம். முதல் உலகப்போர் முடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில், அரசுகள் இந்த ரோபோக்களைப் போர்வீரர்களாக்குவதையும் சாப்பெக் காட்டினார்.

ஹெலெனா என்னும் பெண் அவற்றுக்காக இரங்குகிறாள். அவள் வேண்டியபடி ஆய்வாளர் ஒருவர் சில நூறு ரோபோக்களின் இயல்பை மாற்றுகிறார். உணரத் தொடங்கியவை முதலில் உணர்வது வெறுப்பையே. கிளர்ச்சி மூள்கிறது, மனிதகுலம் அழிகிறது. கட்டடப் பணியாளர் அல்க்விஸ்ட் ஒருவர் மட்டும், ரோபோக்களைப் போலவே கையால் உழைப்பவர் என்பதால், உயிரோடு விடப்படுகிறார். அன்பின் பெயரால் நிகழ்ந்த செயலே அழிவுக்கு வழிகோலியது என்னும் இந்த இடம் நம்மை எளிதில் விடுவதில்லை. இரக்கம் தவறா? அடிமையின் தளையை அகற்றாமல் அவனுக்கு வலியை மட்டும் தந்தால் என்னவாகும் என்று சாப்பெக் கேட்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ரோபோக்களால் இனம்பெருக்க இயலாது. செய்முறைக் குறிப்பையோ ஹெலெனா முன்பே எரித்துவிட்டாள். உயிரின் இரகசியத்தை அறுவைக்கத்தியால் தேடும் அல்க்விஸ்ட், ப்ரீமுஸ் என்னும் ரோபோவையும் ஹெலெனாவின் பெயரும் சாயலும் கொண்ட பெண் ரோபோவையும் சோதிக்கிறார். ஒருவரை அறுக்கப்போவதாகச் சொன்னால், மற்றவர் தம்மை எடுத்துக்கொள்ளும்படி மன்றாடுகிறார். அவர் கத்தியைக் கீழே வைத்து, இருவரையும் புதிய ஆதாமும் ஏவாளுமாக வழியனுப்புகிறார்.

பின்வந்த எழுத்தில் இச்சோதனை வேறு வடிவம் எடுத்தது. பிலிப் கே. டிக்கின் 1968ஆம் ஆண்டு நாவலில் பரிவை அளக்கும் கருவியே மனிதனையும் ஆண்ட்ராய்டையும் பிரிக்கிறது, தேறாதவரைக் கொல்லலாம். அல்க்விஸ்டிடம் அளவுகோல் இல்லை. பிறருக்காக அஞ்சும் இருவரைக் கண்டதும் அவர் விலகி வழிவிடுகிறார்.

காரெல் 1938 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு நாஜிகளால் கைதுசெய்யப்பட்ட யோசெப், முகாம் முகாமாக மாற்றப்பட்டு, 1945இல் பெர்கன்-பெல்சனில் மடிந்தார். மனிதரை எண்களாக்கி, உழைப்பை உறிஞ்சி எறிந்த முகாம்கள் அவை.

இன்று கணினிகள் காதல்மொழி பேசுகின்றன. அவை மெய்யாகவே உணர்கின்றனவா என்று நாம் வாதிடுகிறோம். உணராத வேலைக்காரன் ஒருவன் நமக்கு ஏன் தேவைப்பட்டான் என்பது அதற்கு முந்திய கேள்வி. நூறாண்டுகளுக்கு முன் சாப்பெக் தொடங்கியது அங்கிருந்துதான்.