கடைசி ரீலை வெட்டியவர்கள்

ஆரணியை ஒட்டியிருக்கிறது சேவூர். தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். அங்கே ஒரு நெசவாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சினிமா பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு ‘காஞ்சிவரம்’ படத்தில் வந்து நின்றது. பிரியதர்ஷன் இயக்கி, சிறந்த படம், சிறந்த நடிகர் என்று தேசிய விருதுகளை அள்ளிய படம். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவன், தன் மகளுக்கு ஒரு பட்டுப்புடவை கட்டிப் பார்க்க ஆசைப்பட்டு, நூலை வாய்க்குள் ஒளித்துக் கொண்டுவருகிற கதை.

“பிரகாஷ்ராஜ் எப்படி?” என்று கேட்டேன்.

“மூஞ்சிய எங்க சார் பார்த்தேன்? கையைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்” என்றார் பெரியவர்.

குழித்தறியில் நாற்பது வருஷம் கால் மிதித்தவர் வேறு எதைப் பார்ப்பார்! கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். “எங்க தொழிலைப் படம் எடுத்தா எது நெசம், எது டூப்புன்னு நாங்க சொல்லிடுவோம். இந்த ரவுடிப் படமெல்லாம் வருதே, அதுல எது நெசம்னு யார் சார் சொல்றது?”

சரியான கேள்வி. சென்னையில் ஏசி தியேட்டரில் உட்கார்ந்து, “அப்படியே வட சென்னையைக் கண் முன்னால கொண்டுவந்துட்டான்ப்பா!” என்று வியக்கிற நம்மில் முக்கால்வாசிப் பேர் பேசின் பிரிட்ஜைத் தாண்டியது ரயிலில்தான்.

‘நாயகன்’ படத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1987 தீபாவளிக்கு வந்தது. வேலு நாயக்கர் பாத்திரத்துக்குத் தூண்டுதல் பம்பாயில் கொடிகட்டிப் பறந்த வரதராஜ முதலியார் என்பது ஊரறிந்த விஷயம். தாராவியின் பெரும் பகுதியைத் தோட்டா தரணி சென்னையில் செட் போட்டே எழுப்பினார். கலை இயக்கத்துக்குத் தேசிய விருது, பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவுக்கு ஒன்று, கமலுக்கு ஒன்று. சந்து, சாக்கடை, தகரக் கூரை எல்லாம் அச்சு அசல்! கண்ணுக்குத் தெரிகிற விஷயத்தில் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணுக்குத் தெரியாத சமாசாரம் ஒன்று இருக்கிறது. வரதராஜன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து போனவர். விக்டோரியா டெர்மினஸில் மூட்டை தூக்கியவர். அவரை ‘வரதா பாய்’ ஆக்கியது கத்தியோ துப்பாக்கியோ இல்லை. ஒரு சட்டம்! 1949-ல் பம்பாய் மாகாணம் மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தது. கடை மூடியது, தாகம் மூடவில்லை. தாராவியைச் சுற்றிச் சதுப்பு நிலமும் கழிமுகமும் இருந்தன. போலீஸ் ஜீப் நுழைய முடியாது, சாராய ஊறலைப் புதைத்து வைக்கத் தோதான இடம். வேலை தேடிப் போய், வேலை கிடைக்காமல் நின்ற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே அடுப்பெரித்தது. பெண்களும் காய்ச்சினார்கள். காய்ச்சுகிறவருக்கு ஒரு பங்கு, கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்கு ஒரு பங்கு, கண்ணை மூடிக்கொள்கிற காக்கிச் சட்டைக்கு ஒரு பங்கு. இதை ஒழுங்குபடுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. வரதராஜன் வந்தார்.

படத்தில் நாயகர் மக்களுக்காக அடிக்கிறார். மக்கள் கும்பிடுகிறார்கள். நிஜத்திலும் மாதுங்காவில் பிரம்மாண்டமாகப் பிள்ளையார் வைத்தார், குடிசைப் பஞ்சாயத்து பேசினார், ஏழைகளுக்குக் கொடுத்தார். பொய் இல்லை. ஆனால் கொடுத்த பணம் யாரிடமிருந்து வந்தது? அதே குடிசைகளில் சாராயம் வாங்கிக் குடித்த கூலித் தொழிலாளியின் வாரக் கூலியும் அதில் உண்டு. கேமரா அந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதில்லை. புரட்டினால் இன்டர்வெல்லுக்கு முன்பே படம் படுத்துவிடும் என்று தயாரிப்பாளர் பயப்படுவார் போலிருக்கிறது.

முடிவும் அப்படித்தான். படத்தில் நாயகரைத் துப்பாக்கிக் குண்டு முடிக்கிறது. நிஜத்தில் ஒய்.சி.பவார் என்ற போலீஸ் அதிகாரி எண்பதுகளின் நடுவில் ஆட்களை ஒவ்வொருவராகப் பிடிக்க ஆரம்பித்ததும், வரதராஜன் சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டார். படம் வெளியாகி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1988 ஜனவரியில் மாரடைப்பால் இறந்தார்.

நெருங்கிப் போன படங்களும் உண்டு. சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008) ஒன்று. 1980-ன் மதுரை. வேலையில்லாத பையன்களுக்கு முன்னாள் கவுன்சிலர் வீட்டு ஆள் ஒருவர் அன்பாகப் பேசி, ஒரு கொலையை முடித்துக்கொள்கிறார். ஜெயிலுக்குப் போன பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பையன்களுக்கு எதிரிமேல் பகையே கிடையாது என்பதைக் கவனியுங்கள். அடியாள் என்பவன் கோபக்காரன் இல்லை, வாடகைக்கு எடுக்கப்பட்டவன். தாடி மீசையை விட இதுதான் நிஜம். பா.ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) வியாசர்பாடியில் ஒரு சுவரை நடுவில் வைத்துக்கொண்டு இதையே வேறு மாதிரி சொன்னது. அதில் ஹீரோ ஐ.டி. கம்பெனிக்குப் போகிறான், பையன்கள் கால்பந்து ஆடுகிறார்கள். அந்தப் பேட்டைகளில் பெரும்பாலானவர்கள் காலையில் எழுந்து வேலைக்குத்தான் போகிறார்கள் என்பதையே நம் சினிமா இத்தனை காலம் கழித்துத்தான் கண்டுபிடித்தது!

சரி, ரவுடியை விடுங்கள். ரவுடியைத் தட்டிக் கேட்கச் சட்டத்தைக் கையில் எடுக்கிறாரே ஹீரோ, அவர் எங்கிருந்து வந்தார்? அமெரிக்காவிலிருந்து, பம்பாய் வழியாக. 1972-ல் பிரையன் கார்ஃபீல்ட் எழுதிய ‘டெத் விஷ்’ நாவல் 1974-ல் படமானது. மனைவியைக் கொன்றார்கள் என்பதற்காக ஒருவர் ராத்திரி ராத்திரி தெருவில் இறங்கி வழிப்பறிக்காரர்களைச் சுடுகிறார். தியேட்டரில் கைதட்டல்! நாவலாசிரியருக்கோ தூக்கம் போனது. தான் எழுதியது எச்சரிக்கை, இவர்கள் எடுத்தது சிபாரிசு என்று நொந்துபோய் 1975-ல் அதற்கு மறுப்பாக இன்னொரு நாவலே எழுதினார். படம் அதற்குள் பிரயாணம் கிளம்பிவிட்டது. 1984-ல் இந்தியில் ‘ஆஜ் கி ஆவாஸ்’, 1985-ல் தமிழில் ரஜினியின் ‘நான் சிகப்பு மனிதன்’.

இடையில் நிஜமாகவே ஒருவர் சுட்டார். 1984 டிசம்பர், நியூயார்க் பாதாள ரயில். அஞ்சு டாலர் கேட்ட நாலு கறுப்பினப் பையன்களை பெர்னார்ட் கெட்ஸ் என்பவர் சுட்டார். ஒருவன் நிரந்தரமாக முடமானான். பத்திரிகைகள் ‘டெத் விஷ்’ படத்தைத்தான் உதாரணம் காட்டின. 1987-ல் ஜூரி கொலை முயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்து, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டித்தது. 1996-ல் வேறொரு ஜூரி, முடமானவனுக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் கொடு என்றது. வழிப்பறியா, வெறும் பிச்சையா? அது தீரவே இல்லை. சினிமாவில் இந்தச் சிக்கல் வராது. வில்லன் செய்ததை முன்னாலேயே நமக்குக் காட்டிவிடுவார்கள். ஹீரோ அடிக்கும்போது, ‘ஆள் மாறிப்போச்சோ?’ என்று எந்த ரசிகனாவது பதறியிருக்கிறானா?

ஆள் மாறாத நிஜமும் நடந்திருக்கிறது. நாக்பூரில் கஸ்தூர்பா நகர் என்ற குடிசைப் பகுதி. அக்கு யாதவ் என்பவன் பத்து வருஷத்துக்கு மேல் அங்கே கொலை, பாலியல் வன்முறை, மாமூல் என்று ஆட்டம் போட்டான். புகார் கொடுத்தால் போலீஸிலிருந்தே அவனுக்குத் தகவல் போகிறது என்று ஜனங்கள் குமுறினார்கள். 2004 ஆகஸ்ட் 13. ஜாமீனில் வந்துவிடுவான் என்று பேச்சுக் கிளம்பியது. மிளகாய்ப் பொடியோடும் கத்தியோடும் பெண்கள் கோர்ட்டுக்கே போனார்கள். அங்கேயே முடிந்தது அவன் கதை. கைதானவர்களை, போதிய சாட்சியம் இல்லை என்று 2014-ல் கோர்ட் விடுவித்தது. 2021-ல் ‘200 ஹல்லா ஹோ’ என்று இந்தியில் படமும் வந்தது.

இந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு அவன் முகம் தெரியும், குரல் தெரியும், எந்த ராத்திரி எந்த வீட்டுக் கதவை உடைத்தான் என்று தெரியும். பத்து வருஷம் போலீஸ் படியேறி அலுத்துப்போன பிறகு நடந்தது அது. படத்தில் அந்தப் பத்து வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள். மிச்சமிருப்பது கத்திக்குத்துதான். பார்க்கிறவன் மனசிலும் அதுவே தங்குகிறது.

முகமே தெரியாதவர்களை அடித்தால்?

அதற்கு நாக்பூர் வரை போகவேண்டாம். ஆரணியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் போளூர். அதன் பக்கத்தில் அத்திமூர். 2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வம் கும்பிடக் காரில் வந்தது. அதில் 65 வயது அம்மா ஒருவர். வழியில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். ‘பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது’ என்று அந்த மாதம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ சந்தேகப்பட்டார்கள். அடுத்த ஊருக்குப் போன் பறந்தது. கார் அங்கே போய்ச் சேருவதற்குள் கூட்டம் காத்திருந்தது. அந்த அம்மா இறந்துபோனார். உடன் வந்தவர்களுக்குப் பலத்த காயம். காரையும் விடவில்லை. அதே வாரத்தில் பழவேற்காட்டில் இன்னொருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

கூட்டத்தில் இருந்தவர்கள் ரவுடிகள் இல்லை. வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். ஒவ்வொருவரும் தன்னை ஹீரோ பக்கத்து ஆள் என்றே நினைத்திருப்பார்கள். கையில் போன் வைத்திருந்தவர்கள் அதைப் படமும் எடுத்தார்கள். போலீஸுக்கு அதுவே பிறகு உதவியது!

அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு வீடியோ உண்டு. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பைக்கில் இரண்டு பேர் வந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பார்த்தால் ஈரக்குலை நடுங்கும். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அந்த பைக் திரும்பி வருகிறது. குழந்தையை இறக்கிவிட்டு, ‘பிள்ளையைத் தூக்க ஒரு நொடி போதும்’ என்கிற அர்த்தத்தில் ஓர் அட்டையை நீட்டுகிறார்கள். எந்தப் புண்ணியவானோ அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டான். நடிப்பு, நிஜமாகிவிட்டது. நம் காலத்தில் மிக அதிகமான பேர் நிஜம் என்று நம்பிய சினிமா எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கும்பல் கொலைகளைத் தடுக்க மாவட்டத்துக்கு ஓர் அதிகாரியை நியமிக்கச் சொன்னது. ஒரு செய்தியை ஒரே தடவையில் அஞ்சு இடத்துக்கு மேல் அனுப்ப முடியாமல் வாட்ஸ்அப்பும் கட்டுப்பாடு போட்டது.

திண்ணையில் நான் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் நெய்கிற பட்டு நூலும் ஜரிகையும் வெளி மாநிலங்களிலிருந்து வருகின்றன. அந்நிய ஆள் வராமல் அங்கே ஒரு புடவைகூட முடியாது. பிறகு சொன்னார். அந்த மே மாசம் பெட்ஷீட் மூட்டையோடு ஒரு வடநாட்டுப் பையன் தெருவுக்குள் வந்தானாம். தமிழ் தெரியாது. நாலைந்து பேர் முறைக்க ஆரம்பித்ததும் இவர் அவனைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணி கொடுத்து, சாயங்காலம் தானே கூடப் போய் ஆரணி பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

“சும்மா அனுப்ப மனசு வரல சார். ஒரு பெட்ஷீட் வாங்கினேன். முதல் தடவை நனைச்சதுமே சாயம் போயிடுச்சு” என்றார்.