எங்கே நிற்பது என்ற கேள்வி: வாரன் மூனின் கல்லூரி ஆண்டுகளும் குவாட்டர்பேக் இடத்தின் நிற வரலாறும்

1978 ஜனவரி 2 அன்று கலிபோர்னியாவின் பாசடீனாவில் நடந்த ரோஸ் பவுல் என்ற கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணி மிச்சிகனை 27–20 என்ற கணக்கில் வென்றது. ஆட்டநாயகன் விருது பெற்றவர் வாஷிங்டனின் குவாட்டர்பேக் வாரன் மூன். நான்கு மாதம் கழித்து, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தன் வருடாந்திரத் தேர்வை நடத்தியது. 28 அணிகள், 12 சுற்றுகள், 300-க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்கள். அந்தப் பட்டியலில் மூனின் பெயர் இல்லை. அவர் கறுப்பினத்தவர்.

இனப் பாகுபாடு என்று ஒரே வரியில் இதற்குப் பதில் சொல்லிவிடலாம். தவறில்லை, ஆனால் போதாது. அப்போது என்.எஃப்.எல். அணிகளில் கறுப்பின வீரர்கள் நிறையவே ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மறுக்கப்பட்டது களம் அல்ல, களத்தில் ஓர் இடம். அந்த மறுப்பு கல்லூரிக் களத்தில் முதலில் எப்படித் தளர்ந்தது, தளர்ந்த பிறகும் தொழில்முறை லீக் எந்தச் சாக்கைச் சொல்லி அதை நீட்டித்தது, அந்தச் சாக்கு வலுவிழந்ததில் மூனின் கல்லூரி ஆண்டுகளுக்கு என்ன பங்கு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஒவ்வொரு நகர்வும் குவாட்டர்பேக்கின் கையில் பந்து வந்து சேர்வதில்தான் தொடங்குகிறது. எதிரணி நிற்கும் விதத்தைப் படிப்பது, நகர்வை மாற்றுவது, பந்தை எறிவதா ஓடுவதா அடுத்தவரிடம் கொடுப்பதா என்று இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வேகமும் உடல்பலமும் மற்ற இடங்களுக்குப் போதும், இந்த இடத்துக்கு அறிவும் தலைமையும் வேண்டும் என்ற எண்ணம் வெகுகாலம் நிலவியது. ஜான் லாய், ஜோசஃப் மெக்எல்வோக் என்ற இரு சமூகவியலாளர்கள் 1970-இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவை எடுத்துக்காட்டியது. பேஸ்பாலிலும் கால்பந்திலும் முடிவெடுக்கும் மைய இடங்களில் வெள்ளையர்கள் குவிந்திருந்தார்கள். கறுப்பினத்தவர்கள் விளிம்பு இடங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தார்கள். குவாட்டர்பேக்கை விட மையமான இடம் இந்த ஆட்டத்தில் கிடையாது.

மூனுக்கு முன்னோடிகள் உண்டு. 1952-இல் தேசியப் பட்டம் வென்ற மிச்சிகன் ஸ்டேட் அணியில் வில்லி த்ரோவர் இருந்தார். மறு ஆண்டு சிகாகோ பேர்ஸ் அணிக்காகக் களமிறங்கி, நவீன காலத்தில் என்.எஃப்.எல். குவாட்டர்பேக்காக ஆடிய முதல் கறுப்பினத்தவரானார். அங்கே அவருக்குக் கிடைத்த வாய்ப்பு ஒன்றிரண்டு ஆட்டங்களோடு முடிந்தது.

அவரைவிட விரிவாகப் பேச வேண்டியவர் சாண்டி ஸ்டீஃபன்ஸ். பென்சில்வேனியாவின் யூனியன்டவுன் என்ற ஊரிலிருந்து மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1959-இல் மினசோட்டா ஆடிய 9 ஆட்டங்களில் 7-இல் தோற்றது. பயிற்சியாளர் மர்ரே வார்மத்தை விலக்கச் சொல்லி ஊரே கொதித்தது. அவர் வீட்டு வாசலில் குப்பையைக் கொட்டினார்கள். வார்மத் தென்மாநிலமான டென்னசியில் பிறந்த வெள்ளையர். ஆனாலும் அவர் தன் குவாட்டர்பேக்கான ஸ்டீஃபன்ஸை மாற்றவில்லை. அடுத்த ஆண்டே மினசோட்டா தேசியப் பட்டத்தைப் பெற்றது. 1961-இல் ஸ்டீஃபன்ஸ் அகில அமெரிக்க அணிக்குத் தேர்வான முதல் கறுப்பின குவாட்டர்பேக் ஆனார். சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் நான்காம் இடம். 1962 ஜனவரி 1 ரோஸ் பவுலில் யு.சி.எல்.ஏ. அணியை 21–3 என்று வீழ்த்தி ஆட்டநாயகன் விருது. இரண்டு தொழில்முறை லீக்குகளும் அவரைத் தேர்ந்தெடுத்தன. ஆனால் குவாட்டர்பேக்காக ஆட வைக்க எந்த அணியும் இசையவில்லை. அவர் கனடாவின் மான்ட்ரியல் அணிக்குப் போனார்.

பின்வந்தவர்களின் கதையும் இதே தடத்தில்தான் ஓடுகிறது. வட கரோலினாவில் பிறந்த ஜிம்மி ரே, இனப் பிரிவினை நிலவிய தெற்கை விட்டு மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய், 1966 நவம்பரில் நோட்ர டாம் அணியுடன் 10–10 என முடிந்த புகழ்பெற்ற ஆட்டத்தில் குவாட்டர்பேக்காக நின்றார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது தற்காப்பு வரிசைக்கு. நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் படித்த மார்லின் பிரிஸ்கோவையும் டென்வர் அணி 1968-இல் தற்காப்புக்கென்றே எடுத்தது. மற்றவர்கள் காயமுற்றதால் குவாட்டர்பேக் இடத்தில் இறக்கப்பட்டு, அந்தப் பருவத்திலேயே, பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச்டவுன் பாஸ்கள் 14 எறிந்தார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்குப் போட்டியிடக்கூட அவருக்கு அனுமதி இல்லை. பஃபலோவுக்குப் போய் பந்தை வாங்கி ஓடும் ரிசீவர் ஆனார். டென்னசி பல்கலைக்கழகத்தின் காண்ட்ரெட்ஜ் ஹாலோவே 1972-இல் தென்கிழக்குக் கூட்டமைப்பில் குவாட்டர்பேக்காக ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர். 1975-இல் நியூ இங்கிலாந்து அணி அவரை 12-ஆவது சுற்றில், அதுவும் தற்காப்பு வீரராக எடுத்தது. அவரும் கனடாவுக்கே போனார்.

கல்லூரிகள் ஏன் முந்திக்கொண்டன? கல்லூரிப் பயிற்சியாளர்கள் பரந்த மனமுடையவர்கள், தொழில்முறை அதிகாரிகள் குறுகிய மனமுடையவர்கள் என்பது ஏற்கத்தக்க விளக்கமாகத் தோன்றவில்லை. கல்லூரிப் பயிற்சியாளரின் பிழைப்பு வரும் சனிக்கிழமை ஆட்டத்தில் தொங்குகிறது. தன் வட்டாரத்தில் சேர்க்க முடிந்த இளைஞர்களை வைத்துத்தான் அவர் வென்றாக வேண்டும். தொழில்முறை அணிக்கு நாடு முழுவதுமுள்ள கல்லூரிகளிலிருந்து பொறுக்கி எடுக்கும் வசதி உண்டு. ஒருவரை வேண்டாம் என்பதால் அதற்கு உடனடி நஷ்டம் எதுவுமில்லை. பாகுபாட்டுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்த இடத்தில் அது சீக்கிரம் தளர்ந்தது என்பதே என் வாசிப்பு. தெற்கில் அந்த விலையையும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதால்தான் அங்கே கூடுதலாகப் பத்தாண்டு பிடித்தது.

தொழில்முறை லீக்குக்குச் சாக்கு ஒன்று தேவைப்பட்டது. அதைத் தந்ததும் கல்லூரிக் களம்தான். 1960-களின் நடுவில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் யோமன் 'வீர்' என்ற ஆட்டமுறையை வளர்த்தார். 1968-இல் டெக்சஸில் எமரி பெல்லார்ட் 'விஷ்போன்' முறையைக் கொண்டுவந்தார். இரண்டிலும் குவாட்டர்பேக் பந்தோடு பக்கவாட்டில் ஓடி, எதிரணி வீரர் ஒருவரின் அசைவைப் பார்த்து, கடைசி நொடியில் பந்தைத் தானே வைத்துக்கொள்வதா கைமாற்றுவதா என்று தீர்மானிப்பார். வேகமான கால்களுக்கு மதிப்பு கூடியதால் கறுப்பின குவாட்டர்பேக்குகளும் கல்லூரிகளில் கூடினார்கள். கல்லூரிப் பருவம் முடிந்ததும் தொழில்முறை அணிகளிடமிருந்து வந்த பதில் தயாராக இருந்தது: இவர் ஓடுபவர், நமக்கு நின்று எறிபவர் வேண்டும். கதவைத் திறந்த அதே முறை அடுத்த கதவைப் பூட்டியது. நொடிப்பொழுதில் எதிரணியைப் படித்து முடிவெடுப்பதுதான் விஷ்போனின் உயிர். அறிவு வேண்டும் என்றவர்கள் அந்த அறிவைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்தப் பின்னணியில்தான் மூன் வருகிறார். 1956-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர், ஏழு வயதில் தந்தையை இழந்தவர், ஆறு சகோதரிகள், தாய் செவிலியர். ஹாமில்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் குவாட்டர்பேக் இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளியது: யாரையும்விட நீளமாகவும் நேராகவும் எறிந்தார். பள்ளி முடிந்ததும் அவரைத் தேடி வந்த கல்லூரிகள் பெரும்பாலும் ஒரே நிபந்தனையோடு வந்தன. வேறு இடத்துக்கு மாற வேண்டும். மூன் மறுத்தார். 1974-இல் வெஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து, அங்கே குவாட்டர்பேக்காக ஆடி, எறிதலில் சாதனைகள் படைத்தார். பெரிய பல்கலைக்கழகத்தில் வேறு இடத்தில் நிற்பதைவிடச் சிறிய கல்லூரியில் தன் இடத்தில் நிற்பது மேல் என்ற முடிவு பதினேழு வயதில் எடுக்கப்பட்டது. ஸ்டீஃபன்ஸும் ஹாலோவேயும் கல்லூரிப் பருவத்தின் முடிவில் எடுத்த முடிவை இவர் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்.

1975-இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் புதிய பயிற்சியாளராக டான் ஜேம்ஸ் வந்தார். மூனைக் குவாட்டர்பேக்காகவே சேர்த்துக்கொண்டார். அந்த மைதானத்துக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 1969-இல் அப்போதைய பயிற்சியாளர் ஜிம் ஓவன்ஸ் வீரர்களிடம் விசுவாச உறுதிமொழி கேட்டு, தர மறுத்த 4 கறுப்பின வீரர்களை நீக்கி வைத்திருந்தார். அதன் கசப்பு முழுதாக ஆறியிருக்கவில்லை. இத்தனைக்கும் அடுத்த ஆண்டே செரோக்கி பூர்வகுடியைச் சேர்ந்த சானி சிக்ஸ்கில்லர் அங்கே குவாட்டர்பேக்காகி நகரத்தின் செல்லப்பிள்ளை ஆனார். ரசிகர்களின் மனம் ஒரே அளவுகோலில் ஓடுவதில்லை. ஜேம்ஸ் புதியவரான மூனை முன்னிறுத்தியதும் எதிர்ப்பு கிளம்பியது. சொந்த மைதானத்திலேயே சொந்த ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு ஏசினார்கள். பார்வையாளர் வரிசையில் நிறவெறி வசவுகளும் கேட்டன.

முதல் ஆண்டுப் புள்ளிவிவரம் மூனுக்குச் சாதகமாக இல்லை என்பதையும் பதிவுசெய்தாக வேண்டும். 1975-இல் அவர் எறிந்த 122 பாஸ்களில் இலக்கை அடைந்தவை 48. மொத்தம் 587 கெஜம். இடையில் அவர் வெளியே உட்காரவும் வைக்கப்பட்டார். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், வாஷிங்டன் ஸ்டேட் 27–14 என்று முன்னிலையில் இருக்க, மூன்று நிமிடமே மிச்சம். மூனின் அணியைச் சேர்ந்த அல் பர்லசன் எதிரணியின் பாஸைப் பறித்து 93 கெஜம் ஓடினார். பிறகு மூன் எறிந்த பந்து தற்காப்பு வீரர்களின் கையில் பட்டுத் தெறித்து ஸ்பைடர் கெய்ன்ஸிடம் விழ, அவர் 78 கெஜத் தொலைவை டச்டவுனாக முடித்தார். 28–27. அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. அந்த ஆட்டத்தைத் திறமையின் சான்றாகக் காட்டும் எழுத்துகளை நான் ஏற்பதில்லை.

1976-இல் வாஷிங்டன் 5 வெற்றி, 6 தோல்வி. 1977-இல் முதல் 4 ஆட்டங்களில் 3 தோல்வி. மினசோட்டாவில் வார்மத் நின்ற அதே இடத்தில் இப்போது ஜேம்ஸ் நின்றார்: தோற்கும் அணி, கறுப்பின குவாட்டர்பேக், கொதிக்கும் ஊர். அவரும் மாற்றவில்லை. அடுத்து ஆரிகனை 54–0 என்று நசுக்கினார்கள். ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா, சதர்ன் கலிபோர்னியா என ஒவ்வொன்றாக விழுந்தன. நடுவில் யு.சி.எல்.ஏ.விடம் மட்டும் தோற்றார்கள். பசிபிக்-8 கூட்டமைப்பின் பட்டம் கையில் வந்தது; மூன் அந்த ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்வானார். அந்தப் பருவத்தில் 199 பாஸ்களில் 113 இலக்கை அடைந்தன, 1,584 கெஜம். நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த துல்லியம் இரண்டே ஆண்டில் ஐம்பத்தாறைத் தாண்டியிருந்தது. கவனிக்க வேண்டியது இந்த ஏற்றம்தான். ஓட்டக்காரனாக வளர்க்கப்பட்ட ஒருவரிடம் இது நேர்வதில்லை. எறிபவராகவே வைத்துப் பொறுமையோடு பயிற்சி தரப்பட்டவரிடம் நேர்கிறது.

ரோஸ் பவுலில் எதிரணி பயிற்சியாளர் போ ஷெம்பெக்லரின் மிச்சிகன், அப்போது நாட்டின் முதல் ஐந்து அணிகளில் ஒன்று. வாஷிங்டன் வெல்லும் என்று எதிர்பார்த்தவர்கள் குறைவு. மூன் இரண்டு முறை தானே பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தார். 28 கெஜ பாஸ் ஒன்றைக் கெய்ன்ஸுக்கு டச்டவுனாக எறிந்தார். மூன்றாம் கால்பகுதியில் கணக்கு 24–0. மிச்சிகன் பிற்பாடு விரட்டிப் பிடிக்கப் பார்த்தும் எட்டவில்லை.

ஆனாலும் தொழில்முறை அணிகள் அதே ஆட்டத்தில் தமக்கு வேண்டியதையே கண்டன. ஓடி எடுத்த இரண்டு டச்டவுன்கள் பழைய சாக்குக்கு உரம் போட்டன. வேறு இடத்துக்கு மாறுவாயா என்ற கேள்வி மறுபடியும் வந்தது. பதில் மாறவில்லை.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சான்று ஒன்று அதே 1978 தேர்வில் இருக்கிறது. கிராம்ப்ளிங் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டக் வில்லியம்ஸைத் தாம்பா பே அணி முதல் சுற்றிலேயே, 17-ஆவது ஆளாக எடுத்தது. அவரும் கறுப்பினத்தவர். அப்படியானால் மூன் விடுபட்டதற்கு நிறம் காரணமில்லையா? வில்லியம்ஸ் உயரமானவர், மாபெரும் கை வலிமை உடையவர், பயிற்சியாளர் எடி ராபின்சனின் கறுப்பினக் கல்லூரியில் நின்று எறிபவராகவே பழக்கப்பட்டவர். அவரைப் பற்றி யாரும் ஓட்டக்காரர் என்று சொல்ல இயலாது. தாம்பா பேயின் பயிற்சியாளர்களில் ஒருவரான ஜோ கிப்ஸ் நேரில் போய்ப் பார்த்து அவருக்காக வாதாடினார். கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. ஆனால் வெள்ளை குவாட்டர்பேக்குகள் எண்ணற்ற வகையினராக இருக்கலாம் என்றும் கறுப்பினத்தவர் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டும் என்றும் ஆகியிருந்தது. மூன் அந்த அச்சுக்குள் அடங்கவில்லை.

அவர் கனடாவின் எட்மன்டன் அணிக்குப் போனார். கனடிய ஆட்டத்தில் களம் நீளமும் அகலமும் கூடியது, அணிக்கு 12 பேர், பத்து கெஜம் முன்னேற 4 வாய்ப்புக்குப் பதில் 3. ஆகவே எறியாமல் அங்கே பிழைக்க வழியில்லை. 1978 முதல் 1982 வரை கனடிய லீக்கின் பட்டமான கிரே கோப்பை தொடர்ந்து 5 முறை. 1982-இல் 5,000 கெஜம். 1983-இல் அதையும் தாண்டினார். ஓடுபவர் என்று சொல்ல இனி ஒருவருக்கும் வாய் வரவில்லை. பிற்பாடு அமெரிக்கக் கல்லூரிகளிலும் காற்று திசை மாறியது. வீர் முறை பிறந்த அதே ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில், 1989-இல், ஓயாது எறியும் 'ரன் அண்ட் ஷூட்' முறையில் ஆடிய ஆண்ட்ரே வேர் ஹைஸ்மன் கோப்பையை வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் ஆனார். 1993-இல் ஃபுளோரிடா ஸ்டேட்டின் சார்லி வார்டு அதே கோப்பையையும் தேசியப் பட்டத்தையும் பெற்றார். அவரையும் என்.எஃப்.எல். தேர்ந்தெடுக்கவில்லை, கூடைப்பந்துக்குப் போய் நியூயார்க் நிக்ஸ் அணியில் ஆடினார்.

1984-இல் மூன் கனடாவிலிருந்து திரும்ப முடிவுசெய்தபோது என்.எஃப்.எல். அணிகள் அவருக்காகப் போட்டியிட்டன. அவற்றுள் ஒன்று சியாட்டில் சீஹாக்ஸ். எட்மன்டனில் அவருக்குப் பயிற்சி தந்த ஹியூ கேம்பெலைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தியிருந்த ஹூஸ்டன் ஆய்லர்ஸ் அந்தப் போட்டியில் வென்றது. அங்கே அவரிடம் இடம் மாறச் சொல்லி யாரும் கேட்கவில்லை.