உன்மத்தம்: ஒரு பழஞ்சொல்லின் தடம்

புத்தளக் கரையோரத்தில் அறிவு பேதலித்தவனை 'விசரன்' என்பர். வெறிபிடித்த நாய் 'விசர்நாய்' எனப்படும். ஈழத்துப் பேச்சுக்குச் சிறப்பாக உரிய இச்சொல்லும் 'பைத்தியம்' என்பதும் வேரூன்றிவிட்டமையால், 'உன்மத்தம்' என்னும் பழஞ்சொல் ஏட்டளவில் ஒடுங்கிற்று. எனினும் அது வழக்கிறந்தது என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. உருமாறி இக்கரையிலேயே அது வாழ்கின்றது.

வடமொழியில் 'மத்' என்னும் வினையடி களித்தலையும் மயங்குதலையும் குறிக்கும். 'உத்' என்னும் முன்னொட்டோடு சேர்ந்து அது 'உன்மத்த' என்றாயிற்று. களிப்பு எல்லை கடந்த நிலையே அதன் அடிப்பொருள். சரக சங்கிதை அதே அடியிற் பிறந்த 'உன்மாதம்' என்பதை நோயாக வகுத்துரைக்கின்றது. பித்தம் என்னும் உடற்கூற்றினின்று தோன்றிய 'பித்து', 'பைத்தியம்' என்பன நோயின் காரணத்தைச் சுட்டுவன. உன்மத்தமோ உற்ற நிலையைச் சுட்டுவது. இவ்வேறுபாடு சிறிதன்று.

தரிசு நிலங்களில் தானே முளைக்கும் ஊமத்தை இச்சொல்லின் திரிபேயாம். அதன் விதையிலுள்ள அத்திரோப்பீன் முதலான நச்சுப்பொருள்கள் உண்டவனைப் பிதற்றச் செய்யும். இல்லாதவற்றைக் கண்டு அஞ்சவும் செய்யும். விளைவின் பெயரே செடிக்கு ஆயிற்று. சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்திற் கோயில்கொண்ட சிவனுக்கோ ஊமத்தை மலர் உகந்தது. 'பித்தன்' என்பதும் அவன் திருப்பெயர். வில்பத்துக் காட்டு யானைக்கு உண்டாகும் 'மதம்' இவ்வடியினதே. அயலிலுள்ள சிங்களவரின் 'உமத்து' என்னும் சொல்லும் உன்மத்தத்தின் வழிவந்தது.

இனி வியப்புக்குரியது மற்றொன்று. பாரசீகத்தில் மயக்கமுற்றவனைக் குறிக்கும் 'மஸ்த்' என்னும் சொல், வடமொழி 'மத்த' என்பதன் உடன்பிறப்பு. இறைகாதலில் தம்மை மறந்தோர்க்கு சூஃபிகள் அதனை வழங்கினர். தொண்டிக்கு அருகிற் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் (1792–1838), குணங்குடி மஸ்தான் சாகிபு என்றே தமிழுலகில் அறியப்படுகின்றார். 'மஸ்தான்' அவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. கண்டோர் இட்ட பெயர். முன்னேசுவரத்து அடியார் சாத்தும் ஊமத்தை மலரும் புத்தளத்து முஸ்லிம்கள் அறிந்த மஸ்தானும் வெவ்வேறு கடல்வழியில் வந்து ஒரு கரையிற் கூடிய ஒருகுடிச் சொற்களாம்.

அரபுவழி வந்த 'மஜ்னூன்' இக்குடியைச் சேர்ந்ததன்று. ஜின் பற்றியவன் என்பது அதன் பொருள். அச்சத்திற் பிறந்த அச்சொல்லோடு ஒப்பிடுகையில் உன்மத்தத்தின் தனிநிலை புலனாகும். விசரன் எனப்பட்டவனை ஊரார் விலக்குவர். மஸ்தான் எனப்பட்டவனிடமோ துஆ வேண்டிச் செல்வர்.