காணிப்பாக்கமும் ஒரு வாக்கியத்தின் வருமானமும்

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலைப் பற்றித் தமிழிலோ தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இணையத்தில் தேடுபவர் தவறாமல் சந்திக்கும் வரலாற்றுச் செய்தி ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் குலோத்துங்க சோழன் இக்கோயிலைக் கட்டினான்; 1336இல் விசயநகரப் பேரரசர்கள் அதை விரிவாக்கினார்கள். பயண வழிகாட்டிப் பக்கங்கள், பக்திப் பக்கங்கள், விடுதி முன்பதிவுத் தளங்கள், யூடியூப் காணொளிகள், முகநூல் பட அட்டைகள் என எங்கும் இதே செய்திதான். சொற்கள் சிறிது மாறும். ஆண்டும் பெயரும் மாறுவதில்லை.

இச்செய்தியின் முதற்பாதி தன்னைத் தானே மறுக்கிறது. முதலாம் குலோத்துங்கன் அரியணை ஏறிய ஆண்டு 1070. அவன் ஆட்சி 12ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகள் வரை நீண்டது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர்கள் முதலாம் இராசராசனும் முதலாம் இராசேந்திரனும். குலோத்துங்கன் அப்போது பிறக்கவே இல்லை. இளங்கலை மாணவர் ஒருவர் சோழர் பட்டியலை ஒருமுறை பார்த்தாலே புலப்படும் முரண் இது.

இரண்டாம் பாதியும் ஐயத்துக்குரியது. 1336 என்பது துங்கபத்திரைக் கரையில் விசயநகரம் நிறுவப்பட்டதாக மரபாகச் சொல்லப்படும் ஆண்டு. தொண்டை மண்டலத்தின் வடபகுதியை அப்போது சம்புவராயரும் யாதவராயரும் ஆண்டுகொண்டிருந்தனர். குமார கம்பணன் தெற்கே படையெடுத்துச் சம்புவராயரை அடக்கியது அதன் பின்னர். அவன் மனைவி கங்காதேவி இயற்றிய ‘மதுரா விஜயம்’ அப்படையெடுப்பைத்தான் பாடுகிறது. ஒரு பேரரசு தோன்றிய ஆண்டிலேயே அதன் ‘பேரரசர்கள்’ பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பிறர் ஆண்ட நிலப்பரப்பில், ஒரு சிற்றூர்க் கோயிலை விரிவாக்கினர் என்பதை நம்பக் கல்வெட்டுச் சான்று வேண்டும். அச்சான்றைச் சுட்டாமலேயே செய்தி பரவுகிறது. பாடநூலில் விசயநகரத்துக்கு நேரே அச்சிடப்பட்டிருக்கும் ஆண்டை எடுத்துக் கோயிலுக்கு ஒட்டியது போலவே இது தோன்றுகிறது.

பிழையான செய்தி பரவுவது புதிதன்று. தலபுராணச் சிறுநூல்கள் காலக்கணக்கைப் பற்றி எந்நாளும் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட வேண்டிய தேவையும் அவற்றுக்கு இல்லை. கிருத யுகத்துக்கும் கலியுகத்துக்கும் இடையே நடமாடும் கதைக்கு 1070 எதற்கு? இங்கே கவனிக்க வேண்டியது வேறு. புராணம் அல்லாத, நூற்றாண்டும் அரசன் பெயரும் கொண்ட, ‘வரலாறு’ போன்ற தோற்றமுடைய ஒரு வாக்கியம் இத்தனை உறுதியாக நிலைபெற்றது எவ்வாறு? இதற்கான விடை சோழர் வரலாற்றில் இல்லை. கடந்த இருபது ஆண்டுகளின் விளம்பர வரலாற்றில் இருக்கிறது.

கூகுள் நிறுவனம் ஆட்சென்ஸ் என்னும் விளம்பர முறையை 2003இல் தொடங்கியது. தனிமனிதர் நடத்தும் தளத்திலும் விளம்பரம் இடம்பெறும்; பக்கத்தின் சொற்களைப் பொறியே படித்து அவற்றுக்கு ஏற்ற விளம்பரத்தைத் தேர்ந்தெடுக்கும்; வருவாயில் 68 விழுக்காடு தளத்தை நடத்துபவருக்குச் சேரும் என்று அந்நிறுவனம் 2010இல் வெளிப்படையாக அறிவித்தது. ஆனால் பொறி படிக்கத் தெரிந்த மொழிகளுக்கே இவ்வசதி. இந்தி 2014 டிசம்பரில்தான் அப்பட்டியலில் சேர்ந்தது. தமிழ் சேர்ந்தது 2018 பிப்ரவரியில். தமிழில் வலைப்பதிவுகள் 2003ஐ ஒட்டித் தோன்றி, 2004இல் ‘தமிழ்மணம்’ திரட்டி வந்த பின் பெருகியவை. அதாவது ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் தமிழில் எழுதியவர்கள் இவ்வருவாயை முறைப்படி பெற வழியில்லாமலே எழுதினார்கள். (அக்கால எழுத்தின் தரத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று வாதிடுவோர் உண்டு. வாதம் முற்றிலும் பிழையன்று.)

இதன் விளைவு காணிப்பாக்கத்துக்கு நேரடியானது. கோயிலைப் பற்றி எழுதிப் பணம் ஈட்டக்கூடிய பக்கங்கள் நெடுங்காலம் ஆங்கிலப் பக்கங்களாகவே இருந்தன. சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில், ஐராலா மண்டலத்தில் உள்ள ஊர் இது. திருப்பதிக்குச் செல்வோர் வழியில் இறங்கும் இடம். தரிசன நேரம், பேருந்து வழி, விடுதி ஆகியவற்றைத் தேடி வருவோருக்காக ஆங்கிலப் பக்கங்கள் எழுந்தன. அவர்களுக்கு முன்னுரையாக இரண்டு வரி வரலாறு தேவைப்பட்டது. அவ்விரண்டு வரி ஆங்கிலத்திலேயே உறைந்தது. 2018க்குப் பின் தமிழிலும் விளம்பரம் வரலாயிற்று. அப்போது உறைந்த வரிகள் தமிழுக்குப் பெயர்ந்தன.

இந்தப் பயணத்தின் தடயம் மொழியிலேயே கிடக்கிறது. ஊரின் தெலுங்குப் பெயர் ‘காணிபாகம்’ என்று எழுதத்தக்கது. தமிழ் வடிவம் ‘காணிப்பாக்கம்’. ஆகவே தமிழ்ப் பக்கம் ஒன்றில் இரட்டிப்பு இல்லாமல் பெயர் வந்தால் அது தெலுங்கிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் ‘கனிபாக்கம்’ என்ற வடிவமும் இணையத்தில் பெருவழக்காக உலவுகிறது. முதலசை குறுகியிருக்கிறது, ணகரம் னகரமாகியிருக்கிறது. தெலுங்கு இவ்விரண்டு வேறுபாடுகளையும் தெளிவாகக் காக்கும் மொழி. அதன் வழியே வந்த பெயரில் இரண்டும் ஒருசேர அழிய வாய்ப்பில்லை. நெடிலையும் குறிலையும், ணகரத்தையும் னகரத்தையும் ஒரே எழுத்தால் குறிப்பது ஆங்கிலமே. நான்கு கல் தொலைவில் தமிழ் பேசும் வீடுகள் உள்ள ஓர் ஊரின் பெயர், தமிழ் வாசகருக்கு ஆங்கில எழுத்துவழியே திரும்பி வந்திருக்கிறது.

பெயரின் பொருளுக்கும் இதுவே நேர்ந்தது. ‘காணி என்றால் நன்செய், பாகம் என்றால் அதில் நீர் பாய்தல்’ என்ற விளக்கமே எங்கும் காணப்படுகிறது. தமிழில் காணி என்பது நிலவுரிமை. சோழர் கால ஆவணங்களில் பரம்பரை உரிமையைக் குறிக்கும் சொல். அதோடு அது ஒரு நில அளவும் ஆகும்: சென்னை மாகாணக் கணக்கில் ஒரு காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர். பாக்கம் ஊர்ப்பெயர் ஈறு. நுங்கம்பாக்கம், சேப்பாக்கம், மீனம்பாக்கம் என்று தொண்டை மண்டலம் முழுவதும் இறைந்து கிடப்பது. காணியுரிமையாக அளிக்கப்பட்ட பாக்கம் என்று கொள்வதே இப்பெயருக்கு இயல்பான விளக்கம்.

இதைவிடச் சுவையானது தலக்கதை. ஊமை, செவிடு, குருடு ஆகிய மூன்று சகோதரர்கள் வற்றிய கிணற்றைத் தோண்டினர், மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது, குருதி பொங்கியது, மூவரின் குறையும் நீங்கியது. ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ‘ஒன்றேகால் ஏக்கர்’ பரப்புக்குப் பாய்ந்தது என்று கதை முடிகிறது. இந்த ஒன்றேகால் ஏக்கர் எங்கிருந்து வந்தது? ‘காணி’ என்ற தமிழ் அளவையை யாரோ ஏக்கருக்கு மாற்றியிருக்கிறார். இளநீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்தது என்று சொன்ன கதை, ஊர்ப்பெயருக்குக் காரணம் சொல்லப் பிறந்த கதை. ஏக்கர் ஆனதும் அந்தக் காரணமே மறைந்துவிட்டது. ஏக்கர் கணக்கைத் தமிழ்ப் பக்கங்கள்கூட அப்படியே பெயர்த்துத் தருகின்றன.

வருவாய் முறை இச்செய்தியை எவ்வாறு காப்பாற்றியது என்பதற்கு இன்னொரு படி உண்டு. 2011இல் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. ‘பாண்டா’ என்று பெயர்பெற்ற அம்மாற்றம் பிற பக்கங்களைப் படியெடுத்த, உள்ளீடற்ற பக்கங்களைக் கீழே தள்ளியது. நோக்கம் நல்லதே. ஆனால் படியெடுப்பவர்கள் அதனால் ஆராயத் தொடங்கவில்லை. சொற்களை மாற்றத் தொடங்கினார்கள். ‘கட்டினான்’ என்பது ‘எழுப்பினான்’ ஆயிற்று, ‘தொடக்கத்தில்’ என்பது ‘முற்பகுதியில்’ ஆயிற்று. ஆண்டை மாற்ற ஆராய்ச்சி வேண்டும். சொல்லை மாற்ற அகராதி போதும். இதன்பின் பக்கங்கள் ஒன்றையொன்று பாராமல் எழுதப்பட்டவை போன்ற தோற்றம் பெற்றன.

சுவடி ஒப்புநோக்கும் கலை அறிந்தவர்க்கு இது பழகிய சிக்கல். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல சுவடிகளை ஒப்பிட்டார். ஒரே மூலத்திலிருந்து படியெடுத்த பத்துச் சுவடிகள் பத்துச் சாட்சிகள் ஆகா, ஒரே சாட்சிதான் என்பது பதிப்பியலின் அடிப்படை. சுவடிகள் ஒரு குடும்பம் என்று காட்டிக்கொடுப்பது அவை பகிர்ந்துகொள்ளும் பிழை. சரியான செய்தியை இருவர் தனித்தனியே எழுதலாம். பிறவாத அரசனை இருவர் தனித்தனியே கோயில் கட்டவைப்பது அரிது. அவ்வகையில் ‘11ஆம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்ற பிழை நமக்கு உதவியே செய்கிறது: காணிப்பாக்கம் பற்றிய நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே சாட்சியாகச் சுருக்கிவிடுகிறது.

பல தளங்களில் ஒரே நேரத்தில் இயங்கும் பழக்கம் வந்தபின் சாட்சிகளின் தோற்றம் மேலும் பெருகியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, தரவு மலிந்தது, படிப்பதைவிடப் பார்ப்பது எளிதாயிற்று. ஒரே மனிதர் ஒரு பக்கத்தை எழுதுகிறார். அதன் முதல் வரியைப் பட அட்டையாக்கி முகநூலில் இடுகிறார், அதையே இன்ஸ்டாகிராமில் முப்பது நொடிக் காட்சியாக்குகிறார், குரல் கொடுத்து யூடியூபில் ஏற்றுகிறார், வாட்ஸப் குழுக்களுக்கு அனுப்புகிறார். ஒவ்வொன்றும் மற்றதற்கு ஆள் அனுப்பும் வாயில். அவரைப் பொறுத்தவரை இது பிழைப்பு, குறைசொல்ல ஒன்றுமில்லை. வாசகரைப் பொறுத்தவரை ஐந்து இடங்களில் கண்ட செய்தி. வாட்ஸப் வழியே வரும்போது எழுதியவர் பெயரும் உதிர்ந்துவிடும்.

காணொளியின் விதிகளும் உள்ளடக்கத்தை வடிவமைக்கின்றன. 2018 ஜனவரியில் யூடியூப், விளம்பர வருவாய்க்கு ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் நான்காயிரம் மணிநேரப் பார்வையும் வேண்டும் என்று அறிவித்தது. காணொளியின் நடுவே விளம்பரம் இடுவதற்கான குறைந்த நீளம் 2020இல் பத்து நிமிடத்திலிருந்து எட்டு நிமிடமாயிற்று. இரண்டு வரி வரலாறு எட்டு நிமிடத்துக்குப் போதாது. நீட்டத்தக்கது கதையே. மூன்று சகோதரர்களும், மாம்பழம் பறித்ததற்காகக் கையிழந்து பாகுதா நதியில் மீண்டும் கைபெற்ற லிகிதரும் நிமிடக்கணக்கில் விரிகிறார்கள். குலோத்துங்கன் பழைய ஒரே வாக்கியத்தில் நிற்கிறான், திருத்தப்படாமல்.

மொழியியலார் விரும்பிப் பார்க்கக்கூடிய இன்னொரு சான்றும் இங்கே உண்டு. மூலவர் திருமேனி வளர்ந்துகொண்டே வருவதற்கு ஆதாரமாக, ‘ஐம்பது ஆண்டுகளுக்கு முன்’ அளிக்கப்பட்ட வெள்ளிக் கவசம் இன்று பொருந்தவில்லை என்று கூறப்படுகிறது. நம்பிக்கை பற்றி இங்கே பேச்சில்லை. ‘ஐம்பது ஆண்டுகளுக்கு முன்’ என்பது சொல்பவர் நிற்கும் நாளிலிருந்து பின்னோக்கி அளக்கும் தொடர். அதைப் படியெடுப்பவர் தம் நாளுக்கேற்பக் கூட்டவேண்டும். எவரும் கூட்டுவதில்லை. ஆண்டுகள் கழிந்தும் ஐம்பது ஐம்பதாகவே நிற்கிறது. திருமேனி வளர்கிறது, கவசத்தின் வயது வளரவில்லை.

விளம்பரத்தால் எழுத்து வாழ்ந்த காலம் முன்பும் இருந்தது. காசிநாதுனி நாகேசுவரராவ் 1893இல் அமிர்தாஞ்சனம் தொடங்கினார். அந்தத் தைல வருவாயே 1908இல் பம்பாயில் பிறந்து பின்னர் சென்னைக்கு வந்த ‘ஆந்திர பத்திரிகா’வைத் தாங்கியது. எஸ். எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தே 1928இல் ஆனந்த விகடனை வாங்கினார். அங்கே விளம்பரதாரர் விலைகொடுத்தது இதழுக்கு. மெலிந்த கட்டுரையும் கனத்த கட்டுரையும் ஒரே அட்டைக்குள் ஒன்றையொன்று தாங்கி வாழ்ந்தன. இன்று ஒவ்வொரு பக்கமும் தன் செலவைத் தானே ஈட்டவேண்டும். ஒரு கல்வெட்டைப் படித்துப் பொருள்காண எடுக்கும் மூன்று வாரமும் ஒரு வாக்கியத்தைச் சொல்மாற்றி எழுதும் மூன்று நிமிடமும் அங்கே ஒரே விலை பெறுகின்றன.

இழப்பு ஓர் எண்ணோடு முடியவில்லை. முதலாம் குலோத்துங்கன் வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய இராசராச நரேந்திரனுக்கும், முதலாம் இராசேந்திர சோழனின் மகள் அம்மங்கை தேவிக்கும் பிறந்தவன். தந்தையின் அவையில்தான் நன்னயர் தெலுங்கு மகாபாரதத்தைத் தொடங்கினார். தெலுங்கு நாட்டு அரச குடியில் பிறந்து சோழ அரியணை ஏறியவன், பின்னாளில் தமிழும் தெலுங்கும் கலக்கும் எல்லையாக அமைந்த நிலத்தில் கோயில் எடுத்தான் என்பது, உண்மையாயின், ஆராயத்தக்க செய்தி. அவனை நூற்றாண்டின் தொடக்கத்துக்குத் தள்ளியதும் அவன் வெறும் ‘சோழ மன்னன்’ ஆகிவிடுகிறான். பெயர் மட்டும் மிஞ்சுகிறது.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். இப்பகுதிக் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள் 1890 முதல் அச்சில் வருகின்றன. கட்டிய காலத்தைத் தீர்மானிக்க வேண்டியவை அவைதாம். ஆனால் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும்கூட ஊர் அறிமுகம் என்ற தலைப்பின்கீழ் அந்தப் பழைய வாக்கியமே, இணைய முகவரி ஒன்றைச் சான்றாகக் காட்டி, இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. நாளை ஒரு பக்கம் அந்த ஆய்வேட்டைச் சான்றாகக் காட்டும்.

விநாயகர் சதுர்த்தியன்று தொடங்கி மூன்று வாரம் நீளும் பிரமோற்சவத்துக்கு முன்பே, ஆவணி பிறக்கும் நேரத்தில், பக்கங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. தலைப்பில் உள்ள ஆண்டு மாறுகிறது. தரிசன நேரமும் சிறப்புக் கட்டணமும் சரிபார்க்கப்படுகின்றன, ஏனெனில் அவை தவறினால் வந்தவர் திரும்ப வரமாட்டார். மூன்றாம் பத்தியில் குலோத்துங்கன் பிறப்பதற்கு முன்பே கோயிலைக் கட்டிக்கொண்டிருக்கிறான்.