கண்ணிழந்தோருக்கு வழிகாட்டும் நாய்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

தம்மைப் பள்ளிவாசலுக்கு அழைத்துவர வழிகாட்டி எவருமில்லை எனப் பார்வையற்ற ஸஹாபி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் கூறியதை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. பாங்கோசை கேட்கிறதா என்று வினவிய நபியவர்கள், கேட்கிறது என்றதும் அதற்குப் பதிலளிக்குமாறு பணித்தார்கள். பார்வையின்மை ஒருவரை ஜமாஅத்திலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது நமக்குரிய பாடம்.

வழிகாட்டி இல்லாத அந்தக் குறைக்கு முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு புதிய வழி பிறந்தது. போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916-இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கப்பட்டது. 1929-இல் அமெரிக்காவிலும், 1931-இல் பிரிட்டனிலும் இப்பணி வேரூன்றியது.

எல்லா நாய்களும் இதற்கு உதவா. பரம்பரைக் கண்நோயும் இடுப்பு மூட்டுக் கோளாறும் இல்லாத, சாந்த குணமுள்ள தாய் தந்தையைத் தேர்ந்தே குட்டிகளைப் பெறுகின்றனர். குட்டி ஓராண்டளவு ஒரு குடும்பத்தில் வளர்ந்த பின்னரே பயிற்சிக்குச் செல்லும். வாகனம் வரும் வேளையில், உடையவர் நடக்கச் சொன்னாலும் மறுத்து நிற்க அது கற்கிறது. ஓர் உயிரின் பாதுகாப்பு அதனிடம் ஒப்படைக்கப்படுவதால், வளர்ப்போரின் பொறுப்பும் ஓர் அமானத்தே.

பழக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அல்குர்ஆன் (5:4) அனுமதிக்கிறது. கால்நடைக்கும் விளைநிலத்துக்கும் காவலாக நாய் வளர்க்க ஹதீஸ்களில் அனுமதியுண்டு. இவற்றோடு ஒப்புநோக்கி, வழிகாட்டி நாயும் ஆகுமானதே என அறிஞர்கள் பலர் கூறுகின்றனர். நாயின் உமிழ்நீர் பற்றிய தூய்மைச் சட்டம் இதனால் மாறிவிடவில்லை.

2008-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரப் பள்ளிவாசல் ஒன்று, நாய்க்குத் தொழுமிடத்துக்கு வெளியே தனியிடம் ஒதுக்கி, பார்வையற்ற இளைஞர் ஒருவரை வரவேற்றது. தூய்மையும் காக்கப்பட்டது, ஸஃப்பில் அவருக்குரிய இடமும் காக்கப்பட்டது. நம் மஹல்லாக்களிலும் எவரும் விடுபடாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக!