துப்பாக்கியின் சின்ன உறுப்பும் ஊர்க் கொல்லரும்

முன்னுரை

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் திண்டிவனத்தில் மேற்கே திரும்பினால் செஞ்சிக் கோட்டைக்குப் போகலாம். கோட்டையைப் பார்க்க வருபவர்கள் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியத்தையும் வெடிமருந்துக் கிடங்கையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இக்கோட்டை சேர்ந்துவிட்டது. இத்தனை போர் நடந்த இந்த மண்ணில் ஒரு வீரனின் துப்பாக்கியில் சின்ன வில் ஒன்று உடைந்திருந்தால் அதை யார் சரி செய்திருப்பார்கள்? சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

போர்களின் வட்டாரம்

செஞ்சியை 1677 இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் இங்கே இருந்தபோது 1690 இல் மொகலாயர்கள் கோட்டையை முற்றுகையிட்டார்கள். அது விழுந்தது 1698 இல்தான். 1750 இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். 1760 ஜனவரி 22 அன்று திண்டிவனத்துக்கு வடக்கே உள்ள வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தார். அடுத்த சில வாரங்களில் திண்டிவனம் - மரக்காணம் சாலையில் இருக்கும் பெருமுக்கல் கோட்டையும், கடற்கரையில் உள்ள ஆலம்பரைக் கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயின. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் ஏப்ரலில் செஞ்சியும் அவர்களிடம் சரணடைந்தன.

இந்தச் சண்டைகளில் இரண்டு வகைத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று திரித் துப்பாக்கி, மற்றொன்று சக்கிமுக்கித் துப்பாக்கி. இரண்டும் எப்படி வேலை செய்தன என்று தெரிந்துகொண்டால், பழுதுபார்க்கும் கதை எளிதாகப் புரியும்.

திரியும் சக்கிமுக்கிக் கல்லும்

திரித் துப்பாக்கியில் பாம்பு போல வளைந்த ஓர் இரும்புக் கம்பி இருக்கும். அதன் நுனியில் எரிந்துகொண்டே இருக்கும் திரியைச் செருகியிருப்பார்கள். விசையை இழுத்தால் கம்பி தாழ்ந்து, கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் திரியை வைக்கும். மருந்து பற்றி, அந்த நெருப்பு சிறு துளை வழியாகக் குழலுக்குள் போகும். அவ்வளவுதான். உடைவதற்குப் பெரிதாக ஒன்றுமே இல்லை! கம்பி வளைந்தாலோ ஆணி தேய்ந்தாலோ கலப்பைக் கொழு அடிக்கும் ஊர்க் கொல்லரே உலையில் காய்ச்சித் தட்டிக் கொடுத்துவிடலாம்.

சக்கிமுக்கித் துப்பாக்கி அப்படியல்ல. அதில் கல்லைக் கவ்விப் பிடிக்கும் உறுப்புக்குத் தமிழில் 'குதிரை' என்று பெயர். விசையை இழுத்ததும் குதிரை வேகமாகப் பாய்ந்து எஃகுத் தகட்டில் கல்லை உரசும். தீப்பொறி மருந்தில் விழும். குதிரைக்கு அந்த வேகத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் மடிந்த தட்டையான வில். இந்த வில் உடைந்தால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்தான்.

வில் செய்வது எளிதல்ல. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் அது கெட்டியாகும், ஆனால் கண்ணாடி போல உடையும். மறுபடியும் அளவான சூட்டில் காட்டினால்தான் வளைந்து நிமிரும் குணம் வரும். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடத் தெரிந்த கொல்லருக்கு இந்த வித்தையின் அடிப்படை தெரியும். ஆனால் வில்லுக்கு வேண்டிய பதம் அரிவாளுக்கு வேண்டியதைவிட நுட்பமானது. சூடு கொஞ்சம் கூடினால் வில் தொய்ந்துவிடும், கொஞ்சம் குறைந்தால் முறிந்துவிடும்.

ஐரோப்பாவில் 1700 வாக்கிலேயே படைகள் திரித் துப்பாக்கியைக் கைவிட்டன. இந்தியாவிலோ அது 19ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தது. இதை வைத்து இந்தியர்கள் பின்தங்கியவர்கள் என்று எழுதிய ஆங்கிலேயர்கள் உண்டு. ஆனால் பழுதுபார்க்கும் கண்ணோடு பார்த்தால் வேறொரு நியாயம் தெரிகிறது. உடைந்தால் சொந்த ஊரிலேயே சரி செய்துகொள்ளக்கூடிய ஆயுதத்தை விட்டுவிட்டு, உதிரி உறுப்புக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் ஆயுதத்தை எவர் எளிதில் ஏற்பார்?

ஒன்றுபோல் ஒன்று இல்லை

அந்தக் காலத்தில் எந்தத் துப்பாக்கியும் இன்னொன்றைப் போல இருக்காது. ஒவ்வோர் உறுப்பையும் கையால் அடித்து, அரத்தால் ராவி, அந்தத் துப்பாக்கிக்கு மட்டும் பொருந்தும்படி செய்தார்கள். ஒன்றின் திருகாணி மற்றொன்றில் ஏறாது. ஆகவே பழுதுபார்ப்பது என்றால் உறுப்பைப் புதிதாகச் செய்வது என்றே பொருள்.

இதை மாற்ற முயன்றவர் ஓனோரே பிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர். 1785 இல் அவர் பல துப்பாக்கி விசைகளின் உறுப்புகளைத் தனித்தனியாகக் குவித்து வைத்து, கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்திக் காட்டினார். அப்போது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் தானே சிலவற்றைப் பொருத்திப் பார்த்து வியந்து தன் நாட்டுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்க ஆயுதச் சாலைகள் இந்த முறையை வளர்த்தன. 1850களில் இங்கிலாந்தின் என்பீல்டு தொழிற்சாலை அமெரிக்க இயந்திரங்களை வாங்கி, உறுப்புகள் மாற்றிப் பொருந்தும் ரைபிள்களைச் செய்யத் தொடங்கியது. இன்று சைக்கிள் கடையில் பெயர் சொல்லி உதிரி பாகம் வாங்க முடிகிறதென்றால் அதற்கு வித்திட்டது இந்தத் துப்பாக்கித் தொழில்தான்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. உறுப்பு தொழிற்சாலையிலிருந்து வரும் என்றால், தொழிற்சாலை யாருடையதோ அவர்களிடமே அதிகாரமும் இருக்கும். சக்கிமுக்கிக்குப் பிறகு வந்த கேப்புத் துப்பாக்கி இதற்கு நல்ல உதாரணம். திரியை வீட்டிலேயே திரித்துக்கொள்ளலாம். வெடிக்கும் ரசாயனம் வைத்த செம்புக் கேப்பைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

பறிக்கப்பட்ட ஆயுதங்கள்

1801 இல் மருது சகோதரர்களின் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, தென்னாட்டுப் பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் மக்களிடம் இருந்த ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனி உத்தரவிட்டது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர் இன்னும் எச்சரிக்கையானார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு, ஆங்கிலேயச் சிப்பாய்களின் ரைபிளைவிடத் தரம் குறைந்த துப்பாக்கிகளையே கொடுத்தார்கள். 1878 இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த படைக்கலச் சட்டம், உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதையும் செய்வதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. இப்படித்தான் துப்பாக்கி வேலை ஊர்ப் பட்டறையை விட்டு வெளியேறியது.

இன்றைய நிலை

சுதந்திர இந்தியாவின் படைக்கலச் சட்டம் 1959 இல் இயற்றப்பட்டு 1962 இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை உண்டு. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இன்றும் பிடிபடுகின்றன.

பழைய வீடுகளின் பரணில் துருப்பிடித்த துப்பாக்கி கிடப்பதுண்டு. 'வில்தான் உடைந்துவிட்டதே, இது என்ன ஆயுதமா?' என்று நினைப்பவர்கள் 45ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்ற நிலையில் உள்ள பழங்காலத் துப்பாக்கிக்குத்தான் அதில் விலக்கு. ஒரு வில்லை மாற்றினால் சுடும் என்றால் அது துப்பாக்கியே! ஆக, உடைந்த உறுப்பைச் சரி செய்ய முடியுமா முடியாதா என்ற பழைய கேள்வியை வைத்துத்தான் சட்டமும் முடிவு செய்கிறது.

இதில் அதிகம் இழந்தவர்கள் நரிக்குறவர்கள். குழல் வாய் வழியாக மருந்தும் ரவையும் இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுக்குப் பிழைப்புக் கருவியாக இருந்தது. 1972 இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுயிர்களைக் காக்க அது தேவைதான். ஆனால் அவர்களுக்கு மாற்று வழி உடனே கிடைக்கவில்லை. பாசிமணியும் ஊசியும் விற்று வாழ்ந்த அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023 இல்தான்.

முடிவுரை

துப்பாக்கி ஊர்ப் பட்டறைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திரும்பாமல் இருப்பதே நல்லது. ஆனால் இந்த வரலாறு ஒன்றைக் கற்றுத் தருகிறது. ஒரு கருவியை வைத்திருப்பவர் மட்டும் அதற்கு முழு உரிமையாளர் ஆகிவிட முடியாது. உடைந்தால் அதைச் சரி செய்யத் தெரிந்தவரிடமும், சரி செய்ய அனுமதி உள்ளவரிடமும்தான் அதன் அதிகாரம் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையை அடுத்த முறை பார்க்கும்போது, மலை உச்சியில் இருக்கும் பீரங்கியோடு அடிவாரத்தில் உலை ஊதிய பெயர் தெரியாத கொல்லரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்போம்.