அட்லாண்டிக் கடப்பு: புயல் பருவமும் பாய்மரப் பாதையும்

கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் பாய்மரப் படகில் செல்வோர்க்குப் பாதையைவிடப் புறப்படும் நாளே முக்கியம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அங்கே புயல் பருவம். ஆகஸ்ட், செப்டம்பரில் கேப் வெர்டி அருகே உருவாகும் சூறாவளிகள் பெரும்பாலும் படகுகள் போகும் அதே வழியில்தான் மேற்கே நகர்கின்றன. முன்னறிவிப்பைப் பார்த்து விலகிக்கொள்ளலாமே என்பார்கள். ஆனால் சுமார் 2,700 கடல் மைலை மணிக்கு 5, 6 கடல் மைல் வேகத்தில் கடக்க மூன்று வாரம் ஆகும். புயலின் பாதையை ஓரளவு நம்பிக்கையாகச் சொல்ல முடிவதோ ஐந்து நாளுக்குத்தான். விலகினாலும் வட அரைக்கோளத்தில் புயலின் வலப்பக்கம் ஆகாது: சுழற்சியோடு நகர்வு வேகமும் சேர்ந்து அங்கே காற்று வலுக்கும், படகைப் புயலின் முன்னாலேயே தள்ளும். கொலம்பஸ் 1492 செப்டம்பரில் கிளம்பிப் பத்திரமாகச் சேர்ந்தாரே என்றால், அது அதிர்ஷ்டம். 1502இல் அவர் எச்சரித்தும் சாண்டோ டொமிங்கோவிலிருந்து கிளம்பிய ஸ்பானியக் கப்பல்களில் பெரும்பாலானவை சூறாவளியில் மூழ்கின. நவம்பர் பிற்பகுதிவரை காத்திருந்து, வியாபாரக் காற்று கிடைக்கும்வரை தெற்கே இறங்கிப் பிறகு மேற்கே திரும்புவதே மாலுமிகளின் வழக்கம்.